எழுந்திருக்கச் சொல்லாத இடங்கள்

வெளியூரிலிருந்து வரும் சிநேகிதிகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சென்னையில் எங்கே சாப்பிடலாம்? சாப்பிட்ட பிறகு எங்கே கொஞ்ச நேரம் காற்றாட உட்காரலாம்?" என்பதே அது. பிறந்தது முதல் இந்தப் பட்டணத்திலேயே காலம் தள்ளுகிறவளாகையால், எனக்கு இதெல்லாம் அத்துப்படியாயிருக்கும் என்று அவர்கள் எண்ணுவதில் பிசகில்லை. ஆனால் என் விடையில் ருசிக்கு இரண்டாம் ஸ்தானந்தான். ஒரு ஸ்திரீ தனியாக உட்கார்ந்தால் அவளை எழுந்திருக்கச் சொல்லாத இடம் எது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

இந்தப் பரீக்ஷை எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போய் ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சென்றேன். (பெயர் வேண்டாம்.) ஜன்னலோரமாக நாலு பேர் உட்காரும் மேஜை காலியாயிருந்தது; அமர்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து, "கூட யாராவது வருகிறார்களா, அம்மா?" என்றார். "இல்லை, நான் மட்டுந்தான்" என்றேன். அவர் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றிற்று. மரியாதையாகவே என்னை அழைத்துப்போய், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன மேஜையில் உட்கார்த்தி வைத்தார். காபியின் ஆவி அடங்குமுன் பில்லும் வந்து சேர்ந்தது. நாலு பேர் இடத்தை ஒருத்தி அடைத்துக்கொண்டால் ஹோட்டல்காரருக்கு நஷ்டந்தானே என்று என் புத்தி நியாயம் சொல்லிற்று. ஆனால் எனக்குப் பின்னால் தனியே வந்த ஒரு கனவான், அதே ஜன்னலோர மேஜையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தபோது, அந்த நியாயம் என் மனத்துக்கு எட்டவில்லை.

என் தாயாரின் காலத்தை நினைத்தால் இது பெரிய குறையல்ல. எங்கள் வீட்டில் ஹோட்டல் என்பது புருஷர்கள் போய்வரும் இடம். பெண்களுக்கு அது வாழையிலையும் பழைய பத்திரிகையும் சுற்றிய பொட்டலமாக வீடு தேடி வரும். மசால் தோசை ஆறி விறைத்த பிறகு எப்படியிருக்கும் என்பது மட்டுமே அம்மாவுக்கு வெகு காலம் தெரிந்திருந்தது. பிற்பாடு 'குடும்ப அறை' என்று பலகை மாட்டித் தடுப்பு வைத்த ஹோட்டல்களுக்கு அப்பா எங்களை அழைத்துப் போனதுண்டு. குடும்பத்தோடு போனால் குடும்ப அறை சரி. தனியாக வருகிறவளுக்கு என்ன அறை என்று அந்தப் பலகை சொல்லவில்லை.

நான் கல்லூரியில் வாசித்த நாளில் கதீட்ரல் ரோடில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. 1962-ம் வருஷம் திறந்தது. மரநிழலில் காரை நிறுத்தினால், ஜன்னலிலேயே தட்டைப் பொருத்திப் பலகாரம் கொடுப்பார்கள். எங்களிடம் கார் ஏது? சைக்கிளை ஓர் ஓரமாகச் சாத்திவிட்டு, கார் இல்லாத ஜனங்களுக்குப் போட்டிருந்த மேஜைக்குப் போவோம். அங்கே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கணக்கு எழுதுவார்கள்; கிழவர்கள் அரசியல் பேசுவார்கள்; உப்பிய பட்டூராவைக் குழந்தைகள் விரலால் குத்திப் பார்க்கும். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஷேக்ஸ்பியர் நாடகத்தை உருப்போட்டிருக்கிறேன். ஒருவராவது, "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டதில்லை. 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லக்கூடாது. இருந்தாலும் அதன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் மூக்கு காபி மணத்தைத் தேடுகிறது.

இப்போது எனக்கு அடைக்கலம் தருவது திருவல்லிக்கேணி ரத்னா கபே. 1948-ம் வருஷத்தில் ஆரம்பித்தது. சாம்பார் இட்லிக்குப் பேர்போன அந்தக் கடையை நிறுவியவர்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பும் சந்தோஷமும் வரும். தேசிய ஒற்றுமை என்று மேடையில் முழங்குகிறோமே, அது இங்கே கிண்ணத்தில் மிதக்கிறது! மிதக்கிறது என்பதுகூடத் தவறு. இட்லி முழுகும்வரை சாம்பாரை ஊற்றுகிறார்கள். குறைந்தால் மறுபடியும் வந்து ஊற்றுகிறார்கள். கூட்டம் மிகுந்த வேளையில், முன்பின் அறியாதவர் எதிரே வந்து அமர்வார். அதனால்தான் அங்கே தனியாக வந்தவள் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோருமே அடுத்தவரோடு உட்கார்ந்திருக்கிறோம்.

மயிலாப்பூரில் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ்ஸின் பொங்கலையும் கெட்டிச் சட்டினியையும் குறிப்பிடாவிட்டால் சிநேகிதிகள் சண்டைக்கு வருவார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் இடம் சிறிது. வெளியே காத்திருப்போரின் கண்கள் நம் இலையின் மேலேயே இருக்கும். எழுந்திருக்கச் சொல்ல வேறு ஆள் எதற்கு? அங்கே சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு, லஸ் பக்கம் நடந்து நாகேசுவரராவ் பூங்காவில் உட்காருவது என் வழக்கம். அமிர்தாஞ்சனத்தையும் 'ஆந்திர பத்திரிகை'யையும் நிறுவிய தேசபக்தரின் பெயர் தாங்கிய பூங்கா அது. தலைவலிக்கு வேறு மருந்து வேண்டியதில்லை.

சென்ற மாதம் அம்மாவை ரத்னா கபேக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. இரண்டாம் முறை சாம்பார் ஊற்ற வந்தவரைப் பார்த்து, பணம் கேட்பாரோ என்று பயந்து கையால் கிண்ணத்தை மூடினாள். விஷயம் தெரிந்த பிறகு மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினாள். அங்கிருந்து ஆட்டோவில் விவேகானந்தர் இல்லத்தின் எதிரே கடற்கரையில் இறங்கினோம்.

1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வீடு அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி, பால்ய விதவைகளை அந்த வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார். அவரும் பால்ய விதவை, 1911-ல் பி.ஏ. தேறியவர். கூடத்து மூலையை விட்டு எழுந்து வரக்கூடாது என்று வைத்திருந்த சிறுமிகளுக்கு, எதிரே அத்தனை பெரிய சமுத்திரத்தைக் காட்டியவர் அந்த ஆசிரியை. அந்த வீட்டைப் பார்க்கும்போது எங்கள் தொழிலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டாகிறது.

அந்த வீட்டுக்கு எதிரே மணலில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் வயோதிகர்களும் கடலருகே போவதற்காக 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே புயலடித்து ஒரு பகுதி பெயர்ந்தது, மறுபடி செப்பனிட்டார்கள். மணலில் கால் புதைகிறது என்று அம்மா கடலலை அருகே போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தாள். மாங்காய்த் துண்டு போட்ட பட்டாணிச் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இருட்டிய பிறகு அங்கே நான் தனியே உட்காருவேன் என்று பொய் சொல்லமாட்டேன். அதற்கு இன்னும் காலம் வேண்டும். அன்றும் விளக்குகள் எரியத் தொடங்கியதும், பழக்கதோஷத்தால், "போகலாமா, அம்மா?" என்றேன்.

அம்மா அலையிலிருந்து கண்ணை எடுக்காமல் காகிதப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"ஏண்டி, யாராவது எழுந்திருக்கச் சொன்னார்களா?" என்றாள்.