மதகு அடங்க நாளாகும், மாமா

செங்கல்பட்டு,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று அத்தை போன் செய்தார்கள். "உங்க மாமா மாத்திரையை நாலாம் நாளே நிறுத்திட்டார்மா, கேக்கலையாம்" என்றார்கள். நேரில் சொன்னால் "சரி சரி" என்று உளியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

மாசியில் அக்கி வந்தது. வேளார் காவியில் சிங்கம் எழுதினார், கொப்புளமும் உதிர்ந்தது. ஆனால் இன்றும் விலாவில் சட்டை உரசினால் தணல் பட்டதுபோல் துள்ளுகிறீர்கள். "புண்தான் ஆறிடுச்சே" என்று பட்டறையில் கேலி பேசுகிறார்களாம். பேசட்டும். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பு முடிச்சிலேயே படுத்திருந்து, வயதான பிறகு ஒரு நரம்பைப் பிடித்து இறங்கி வருவதுதான் அக்கி. தோல் ஆறிவிட்டது. நரம்பு ஆறவில்லை. உங்கள் வலி நிஜம்.

நம் கொளவாய் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வலி நரம்பு முதுகுத்தண்டில் போய் முடிகிற இடத்தில் மதகுகள் உண்டு. செய்தி வந்ததும் அவை திறந்து கால்சியம் உள்ளே பாயும். பாய்ந்தால்தான் நரம்பு தன் ரசாயனத்தைக் கொட்டி அடுத்த நரம்பை எழுப்பும். நரம்பு அடிபட்டால் 'ஆல்பா-2-டெல்டா' என்ற புரதம் பெருகி, மேலும் மேலும் மதகுகளைச் சுமந்து வந்து அங்கே நடுகிறது. அப்புறம் சட்டை உரசுவதும் வெள்ளம்தான். (கால்சியம் என்றதும் பாலை நிறுத்திவிடாதீர்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

உங்கள் பிரீகாபலின் மாத்திரை அந்தச் சுமைகாரனைத்தான் பிடித்து நிறுத்துகிறது. இதன் அண்ணன் கபாபென்டின் 1993இல் வலிப்பு நோய்க்கு வந்தது. மூளையிலுள்ள காபா என்ற பொருளைப் பார்த்துச் செய்த மருந்து அது. ஆனால் அது ஒட்டுவது இந்தப் புரதத்தில் என்று 1996இல்தான் தெரிந்தது. ஏற்கெனவே நட்ட மதகுகள் குறைய நாளாகும். பாராசிட்டமால் போல அரை மணியில் கேட்காது. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் தீர்ப்புச் சொன்னது அவசரம்.

மதகையே நேராக அடைக்கும் மருந்தும் இருக்கிறது. அது கிடைத்தது கடல் நத்தையின் விஷத்தில்! பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவெரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கூம்பு நத்தைகளை ஆராய்ந்தார். அதில் கிடைத்த, 25 அமினோ அமிலம் கோத்த சிறு துணுக்குதான் சிகோனோடைட். 2004இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் முதுகுத்தண்டு நீரில் பம்பு வைத்துச் செலுத்த வேண்டும், புத்தி தடுமாறவும் கூடும். வேறெதுவும் கேட்காதவர்களுக்கே அது.

கடற்கரைக் கோயில் பக்கத்துச் சிப்பிக் கடையில் வாங்கி உங்கள் அலமாரியில் வைத்திருக்கிறீர்களே, காவிப் பழுப்பில் வெள்ளை முக்கோணம் போட்ட கூம்பு, அதுவும் இந்த வம்சம்தான். பெயர் கோனஸ் அமாடிஸ். நம் கரையோர நத்தைகளின் விஷத்தை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அமாடிஸும் அதில் உண்டு. அதன் விஷத் துணுக்கு ஒன்று கால்சியம் மதகை விட்டுவிட்டு சோடியம் மதகைப் பிடிக்கிறது.

வலி அடியோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குப் பாதியாகும், சிலருக்குக் கேட்காது. கேட்காவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். ஆரம்பத்தில் தூக்கமும் கிறக்கமும் வரும். அது தெளியும்வரை சாரம் ஏறாதீர்கள், கட்டிங் மெஷினைத் தொடாதீர்கள். கால் வீங்கினாலோ கிட்னியில் கோளாறு இருந்தாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் வந்துவிடுங்கள். டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். மிச்ச மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்