சீப்பெடுக்க நேரம் இருக்கிறதா?

கால்நடை மருத்துவராக 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் பாதி முழுக்க மாடும் ஆடும்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடுராத்திரி சைக்கிளில் போய், கன்று மாட்டிக்கொண்ட பசுவுக்குக் கை போட்டுக் கன்றை எடுத்ததெல்லாம் அந்தக் காலம். பின்பாதி திருச்சியில், பெரும்பாலும் நாய்கள். அங்கே என் மேசை முன்னால் நின்று மக்கள் அதிகம் கேட்ட கேள்வி நோயைப் பற்றியது அல்ல. "டாக்டர், முடி கொட்டாத நாயா, புள்ளைங்களைக் கடிக்காத நாயா ஒண்ணு சொல்லுங்க" என்பதுதான். போன வருஷம் சென்னையிலிருந்து என் மகளே அதைக் கேட்டாள். பேத்திக்கு எட்டு வயது. மார்கழி பிறந்தால் வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறாள். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஊராருக்கெல்லாம் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். மகளுக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான், அந்த ஒரு நிமிஷப் பதிலால் எத்தனை நாய்கள் கஷ்டப்பட்டிருக்கும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதில் ஒரு நாயை என்னால் மறக்க முடியவில்லை.

"ஷிட்சு வாங்குங்க, முடி கொட்டாது, சாதுவா இருக்கும்" என்று ஒரு குடும்பத்துக்கு நான்தான் சொன்னேன். எட்டு மாதம் கழித்து அந்த நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். தொட்டாலே கத்துகிறது என்றார்கள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை. முடி திரண்டு, பழைய கம்பளித் துண்டு மாதிரி தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது. கத்தரிக்கோலை வைத்தால் தோலும் சேர்ந்து அறுந்துவிடும், மெஷின்தான் போட வேண்டும். பிளேடு சூடேறச் சூடேற நிறுத்தி நிறுத்தி ஒன்றரை மணி நேரம் வழித்தேன். திரளை உரித்தெடுத்த இடத்தில் தோல் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. முன்னங்கால் இடுக்கில் உண்ணிகள், பச்சைப்பயறு பருமனுக்கு. அந்த நாய் என்னைக் கடிக்கவில்லை. நான் கையைத் தூக்கும் போதெல்லாம் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டது.

அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்கள்: "முடி ஒண்ணுகூட கீழ விழல டாக்டர். அதனால நல்லா இருக்குன்னுதான் நினைச்சோம்."

அவர்கள் மேல் தப்பில்லை. முடி கொட்டாது என்று சொன்ன நான், கொட்டாத முடி எங்கே போகும் என்பதைச் சொல்லவில்லையே.

எல்லா நாய்க்கும் முடி உதிரும். லாப்ரடார், ஹஸ்கி, நம் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய், இவற்றுக்கெல்லாம் இரண்டு அடுக்கு முடி. மேலே விறைப்பாக ஒன்று, அடியில் பஞ்சு மாதிரி ஒன்று. அடிப்பஞ்சு பருவத்துக்குப் பருவம் கழன்று விழும். பூடில், ஷிட்சு, மால்டீஸ் போன்றவற்றின் முடி நம் தலைமுடி மாதிரி நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்வது குறைவு. உதிர்ந்ததும் தரைக்கு வராமல் பக்கத்து முடியிலேயே சிக்கிக்கொள்ளும். அதைத் தினமும் யாராவது சீவி எடுத்தாக வேண்டும், நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். தரையில் செய்யாத வேலையை நாயின் உடம்பில் செய்யப்போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

குட்டை முடி என்றால் கொட்டாது என்று நினைப்பதும் தவறு. 2003 வாக்கில் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாடு முழுக்க பக் வாங்கினார்கள். அதன் முடி அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் வருஷம் முழுக்கக் கொட்டும், சோபாத் துணியில் ஊசி மாதிரிக் குத்தி நிற்கும். பெருக்கினாலும் வராது. டால்மேஷியனும் அப்படித்தான். போதாததற்கு பக்குக்கும் ஷிட்சுவுக்கும் சப்பை மூக்கு. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மூக்குத் துளையும் தொண்டையும் குறுகிப்போன நாய்க்கு அது சரியாக முடியாது. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு நடக்கக் கூட்டிப்போய், நாக்கு நீலம் பாரித்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

"முடி கொட்டாம இருக்க ஒரு டானிக் எழுதுங்க" என்றும் கேட்பார்கள். திட்டுத் திட்டாக முடி போய்ச் சொட்டை தெரிந்தால் அது சொறியோ உண்ணியோ தைராய்டோ, மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம். பரவலாக உதிர்வது இயற்கை. அதற்கு டானிக் இல்லை.

பேத்தியின் வீசிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வாமை நாயின் முடியால் வருவதில்லை. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் சில புரதங்களால் வருகிறது. நாய் தன் உடம்பை நக்கும், எச்சில் காயும், தூசியாகப் பறக்கும். முடி அதைச் சுமக்கும் வண்டி மட்டும்தான். 2011இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் நாய் வளர்க்கும் வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். ஒவ்வாமை தராத இனம் என்று பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டிலும் மற்ற வீட்டிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷம் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு, அதில் பூடில் முதலியவற்றின் முடியில் புரதம் கூடுதலாகவே இருந்தது. ஆகவே "இந்த இனம் அலர்ஜி கொடுக்காது, கியாரண்டி" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் லாப்ரடூடில் பிறந்த கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஹவாயில் கண்பார்வை இல்லாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய் என்றால் ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிறுவனத்தில் இருந்த வாலி கான்ரன் பூடில்களை முதலில் பழக்கிப் பார்த்தார், சரிவரவில்லை. 1989இல் லாப்ரடாரையும் பெரிய பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த மூன்றில் இரண்டு ஒத்துவரவில்லை! பிறகு உலகம் முழுக்க அந்தக் கலப்புக்கு கிராக்கி ஏறி, கண்டவர்களும் கண்டபடி இணை சேர்த்து விற்கத் தொடங்கியபோது, தான் செய்ததை நினைத்து வருந்துவதாக கான்ரனே வெளிப்படையாகச் சொன்னார்.

நான் மகளிடம் சொன்னது இதுதான்: இனத்தைப் பார்க்காதே. எந்த நாயைக் கொண்டுவரப் போகிறாயோ அந்த நாயோடு குழந்தையை உட்கார வைத்துப் பார். ஒரு தடவை போதாது, மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது போங்கள். நெஞ்சு டாக்டரைக் கேட்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

குணமும் இதே மாதிரிதான். எந்த இனம் சாது என்று கேட்கிறார்கள். 2022இல் சயின்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வேறுபாட்டில் இனத்தால் வருவது சுமார் 9 சதவீதம்தான் என்று கண்டார்கள். நான் மேசையில் பார்த்ததும் அதுவே. கோபக்கார லாப்ரடாரும் உண்டு, குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருந்த கோம்பை நாயும் உண்டு.

அதற்காக இனம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டதோ அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கும். லாசா ஆப்சோ திபெத்து மடங்களில் காவலிருந்த நாய், வெளியாளை லேசில் சேர்க்காது. பூடில் தண்ணீரில் விழுந்த பறவையை எடுத்துவரப் பழக்கிய நாய், மகா புத்திசாலி, வேலை கொடுக்காமல் வீட்டில் பூட்டி வைத்தால் குரைத்தே மாய்ந்துபோகும். மால்டீஸ் மூன்று நான்கு கிலோ, ஓடியாடும் சின்னப் பிள்ளைகள் மிதித்தால் கால் உடையும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முடித் தொல்லை குறைந்தவைதான், நம் வெயிலுக்கு ஏற்றவைதான். நான் மனதார விரும்பும் நாய்கள் அவை. 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் மூன்றாவது மாடிக்கு அவற்றைக் கொண்டுபோவது பாவம். ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள் அவை. தோட்டம் துரவு உள்ளவர்கள் வளர்க்கட்டும். ராஜபாளையத்துக் குட்டி எடுக்கிறவர்கள் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது கேளாமல் பிறப்பது அந்த வெள்ளை நாய்களில் உண்டு.

குணத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி தாய் நாயைப் பார்ப்பது. குட்டிகள் இருக்கும் இடத்துக்கே போங்கள். தாய் உங்களைப் பார்த்து வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்கினாலோ, பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தாலோ யோசியுங்கள். பயந்த தாயின் மடியில் குட்டியும் பயத்தையே படிக்கும். பிறகு குட்டியைக் கையில் எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். கொஞ்சம் திமிறிவிட்டு அடங்கி, உங்கள் முகத்தைப் பார்க்கும் குட்டி எனக்குப் பிடிக்கும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து மத்திய அரசு விதியே இருக்கிறது. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்ததோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் வரும் குட்டி உங்கள் குழந்தையின் கையில்தான் கற்கும்.

மகள் வீட்டு விஷயம் இப்படி முடிந்தது. முதலில் தெரிந்தவர் வீட்டுப் பூடிலோடு பேத்தி விளையாடினாள். இரண்டாவது ஞாயிறே கண் சிவந்து தும்மல். முடி கொட்டாத நாய்தான் அது. "தாத்தா, அப்ப எனக்கு நாயே கிடையாதா?" என்று போனில் கேட்டவளுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதம் போனது. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும் ஒரு குடும்பம் இரண்டு வயதுப் பெண் ஷிட்சுவுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தது. நான்கு ஞாயிறு போய் உட்கார்ந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு டாக்டர் இரண்டு நிபந்தனை சொன்னார்: குழந்தை படுக்கும் அறைக்குள் நாய் வரக்கூடாது, வாராவாரம் குளிப்பாட்ட வேண்டும். வளர்ந்த நாய் என்பதால் குணமும் தெரிந்தே வந்தது. குட்டியில் இந்த நிச்சயம் கிடைக்காது.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். தினமும் யார் சீவுவது என்று முதலில் முடிவாக வேண்டும். மருமகன் ஏற்றுக்கொண்டார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கம்பிச் சீப்போடு உட்கார்ந்து, காதுக்குப் பின்னால், கால் இடுக்கு, வால் அடி என்று அடிமுடி வரை சீவுகிறார். நீள முடி வேண்டாம் என்று குட்டையாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் திருச்சி வீட்டில் 13 வருஷம் ஒரு பொமரேனியன் இருந்தது. என் மனைவி காலையும் மாலையும் கூடத்தைப் பெருக்குவாள், முறத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும். அந்தத் திருச்சி ஷிட்சுவின் கதையை நான் வீட்டில் சொன்ன அன்று அவள் கையிலிருந்த விளக்குமாற்றைக் காட்டிச் சொன்னாள்: "விழுந்ததை நான் பெருக்கிடுவேன். ஒட்டிக்கிட்டதை அந்த ஜீவன் எப்படிச் சொல்லும்?"

நாய் வாங்கப் போகிற குடும்பத்தாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கம்பிச் சீப்பை மட்டும் வாங்கி வந்து கூடத்தில் வையுங்கள். பதினைந்து நாள், தினமும் ராத்திரி பத்து நிமிஷம், வீட்டில் யாராவது அதைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிஷம் பதினைந்து நாளும் கிடைத்தால் ஷிட்சுவோ பூடிலோ வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் முடி கொட்டும் நாயையே வாங்கி, தினமும் இரண்டு வேளை வீட்டைப் பெருக்குங்கள்.