ஹிஜ்ரின் வாசல் வரை

ஜித்தாவில் வாழும் நம் குடும்பங்களுக்கு நெடும்பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டு திசைகள்தாம்: உம்ராவுக்கு மக்கா, ஸியாரத்துக்கு மதீனா. பிள்ளைகள் படிப்புக்காக ஊர் திரும்பிய பின் வந்த முதல் குளிர்கால விடுமுறையில், மதீனாவையும் தாண்டி அல்-உலா வரை காரிலேயே சென்று வரலாம் என்றார் என் கணவர். பாலைவனத்தைக் காண எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அந்த வழியின் முடிவில் ஹிஜ்ர் இருந்தது. மதாயின் ஸாலிஹ் என்று நாம் அறிந்த அவ்விடத்தைச் சுற்றுலாத் தலமாகப் பார்க்க என் மனம் இசையவில்லை.

காரணத்தை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஸாலிஹ் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடமைத்தவர்கள், அத்தாட்சியாக வந்த ஒட்டகத்தை அறுத்தவர்கள், அதனால் அழிக்கப்பட்டவர்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வழியே கடந்தார்கள். தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்தினார்கள். அழுதவர்களாகவே அன்றி அவ்விடங்களில் நுழைய வேண்டாம் என்று தோழர்களை எச்சரித்தார்கள். அங்குள்ள கிணறுகளில் இறைத்த தண்ணீரைக் கொட்டிவிடவும், அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடவும் பணித்தார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீரருந்திய கிணற்றில் மட்டும் இறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு.

கணவர் இதை மறுக்கவில்லை. "நுழையவே கூடாது என்று சொல்லப்படவில்லையே, எப்படி நுழைவது என்றுதானே சொல்லப்பட்டிருக்கிறது?" என்றார். இன்று அங்கே காணப்படும் கல்லறைகள் நபாத்தியர்கள் கி.பி. முதலாம் நூற்றாண்டை ஒட்டிக் குடைந்தவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஸமூது என்ற பெயரோ அசீரிய மன்னன் சர்கோனின் கல்வெட்டில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. "அப்படியானால் நாம் பார்க்கப்போவது அவர்களுடைய வீடுகளே அல்ல" என்பது அவர் வாதம். "கல்வெட்டைப் படித்துவிட்டா நபியவர்கள் விரைந்தார்கள்? இடம் அதுதானே" என்பது என் பதில். இந்த வழக்கு மதீனாவில் தொடங்கி கைபர் வரை நீண்டது.

இடையில் கண்டவற்றையும் சொல்ல வேண்டும். மதீனாவில் அன்பரிய்யா பள்ளிவாசலருகே ஹிஜாஸ் ரயில் நிலையம் நிற்கிறது. டமாஸ்கஸிலிருந்து 1908இல் இங்கு ரயில் வந்து சேர்ந்தது. சுமார் 40 நாள் ஒட்டகப் பயணத்தைச் சில நாட்களாகக் குறைத்த அந்தப் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பியிருக்கிறார்கள். முதல் உலகப் போர் அதைச் சிதைத்தது. கைபரை நெருங்கியதும் நிலம் கருத்துவிடுகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைவெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கிறது. அதன் நடுவே பேரீச்சந் தோப்புகளைக் கண்டபோது இருவருமே பேச்சை நிறுத்திவிட்டோம்.

பெட்ரோல் நிலையங்களை ஒட்டிய தொழுமிடங்கள்தாம் இச்சாலையில் எனக்கு மிகவும் பிடித்தவை. லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு, காகிதக் குவளையில் சுலைமானி குடிப்பதற்கு இணையான சுற்றுலா இன்பம் குறைவு. பெண்கள் பகுதி சில இடங்களில் பூட்டிக் கிடப்பதுதான் குறை. ஓரிடத்தில் பங்களாதேஷ் சகோதரர் ஒருவர் கால்மணி நேரம் அலைந்து சாவி கொண்டுவந்தார். அவருக்காக இன்றும் துஆ செய்கிறேன்.

அல்-உலாவில் யானைப் பாறை 52 மீட்டர் உயரம். தும்பிக்கையைத் தரையில் ஊன்றிய யானையேதான். சூரியன் மறையும் வேளையில் அந்தச் செந்நிறத்தைக் கண்டு ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லாத நாவு இருக்காது. பாலைவனத்தின் நடுவே கண்ணாடிச் சுவர்களோடு நிற்கும் மராயா அரங்கம் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. மலையை நேராகவே பார்க்கலாமே!

மறுநாள் காலை ஹிஜ்ர். சொந்த வாகனங்களுக்கு அங்கு அனுமதியில்லை; பேருந்தில்தான் அழைத்துச் செல்கிறார்கள். கணவர் ஒரு சீட்டு மட்டும் வாங்கினார். என்னை வற்புறுத்தவில்லை, நானும் அவரைத் தடுக்கவில்லை. மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒன்றில், ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு நிலை எடுப்பது எங்களுக்கு அதுவே முதன்முறை. பேருந்து புறப்பட்ட பின் தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தேன். தனிமையில் சற்றுக் கோபமும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

திரும்பியவர் வெகுநேரம் பேசவில்லை. கார் ஓடத் தொடங்கிய பிறகே சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். சிலவற்றின் முகப்பில் உரிமையாளரின் பெயர் பொறித்திருக்கிறதாம். பெண்களின் பெயர்களும் உண்டாம். வேறு எவரையும் அங்கே அடக்கினால் மன்னனுக்கும் அவர்களுடைய தெய்வத்துக்கும் அபராதம் கட்ட வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறார்கள். கஸ்ருல் ஃபரீத் என்னும் தனிப்பாறைக் கல்லறை, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வரும்போதே நின்றுபோயிருக்கிறது. "இப்போது எல்லாமே வெறும் அறைகள்" என்றார். உடன் வந்தவர்கள் படம் எடுத்தபோது இவர் கைப்பேசியை எடுக்கவேயில்லையாம். அழுதீர்களா என்று நான் கேட்கவில்லை.

கைபரை நெருங்கும்போது ஊரிலிருந்து மாமியின் அழைப்பு. "உங்க மருமகள் உள்ளே வரலை உம்மா, நான் மட்டும்தான் போனேன்" என்றார் அவர். மாமி கண்டிப்பார் என்றே எதிர்பார்த்தேன். அவரோ ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பாறை என்ன நிறம், உள்ளே இருட்டா, வெளிச்சமா என்றெல்லாம். கடைசியாக, "அந்த ஒட்டகம் தண்ணி குடிச்ச கிணறு இருந்துச்சா வாப்பா?" என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். பேருந்தில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லையாம்.