செவலையின் பின்னங்கால்

நாயின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்கள் இரண்டும் தாங்கிவிடுகின்றன. பின்னங்கால் அடிபட்ட தெருநாய் செத்துப்போகாமல் பிழைத்துக்கிடப்பது அதனால்தான். மூன்று காலில் குப்பைமேட்டுக்குப் போகும், கறிக்கடை வாசலில் நிற்கும், குட்டியும் போடும். பார்க்கிறவர்கள் "அதுக்குப் பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் தூக்கியே வைத்திருக்கும் காலில் நாளுக்கு நாள் சதை வற்றும். முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும். மீதி மூன்று கால்களின் மூட்டுகளும் அந்தச் சுமையைச் சேர்த்துச் சுமந்து, வயதாகும் முன்பே தேயத் தொடங்கும்.

அப்படிப்பட்ட காலை மறுபடியும் தரையில் ஊன்றவைக்கிறவர்களைப் பார்க்கத்தான் பனமலைக்குப் போனேன். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வழியாகப் போனால், ஏரியும் அதையொட்டிய குன்றின் மேல் இராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். கோயிலுக்கு வருகிறவர்கள் அங்கிருக்கும் பல்லவர் கால ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஊருக்குள் இருக்கும் டெய்லர் அக்காவின் ஓட்டு வீட்டைத் தேடி வருகிறவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அவர் காப்பகம் எதுவும் நடத்தவில்லை. ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வார். தேறியதும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததை வாங்குவார். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து வரும் காசில் முட்டையும் மருந்தும் வாங்குகிறார். பக்கத்து ஊரில் இருக்கும், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் வாரந்தோறும் வந்து பார்க்கிறார். அக்கா அவரை "ஐயா" என்கிறார். ஊர்க்காரர்களுக்கு அவர் இன்றும் மாட்டாஸ்பத்திரி ஐயாதான்.

நான் போனபோது இருந்தது செவலை என்ற நாட்டு நாய். செஞ்சி பேருந்து நிலையத்துப் பக்கம் வண்டி மோதி, பல மாதங்கள் வலது பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரிந்தவள். கல்லூரி மாணவி ஒருத்தி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தாள். தொடை எலும்பின் பந்து முனை இடுப்புக் கிண்ணத்தை விட்டு மேலேறி முன்னால் போயிருந்தது. மோதிய சில நாளுக்குள் கொண்டுபோயிருந்தால் மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ளியிருக்கலாம். இவ்வளவு நாள் ஆன பிறகு கிண்ணத்தில் திசு அடைத்துப்போய்விடும், பந்தும் தேய்ந்துவிடும். அதனால் சென்னையில் அந்தப் பந்து முனையையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பந்தை வெட்டிவிட்டால் கால் எதில் நிற்கும்? ஐயாவிடம் கேட்டேன். "சதையில நிக்கும் தம்பி," என்றார். வெட்டிய இடத்தைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, மூட்டைப் போல ஒன்று உருவாகிறது. அது எலும்பால் ஆன மூட்டு இல்லை. தொடைச் சதையும் பிட்டச் சதையும் பிடித்துக்கொண்டால்தான் அது தாங்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தில் இந்த நாயையும் மூலையில் கட்டிப்போட்டால் திசு இறுகிக் கால் கட்டையாகிவிடும். சில நாட்களிலேயே மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். இருபது கிலோவுக்கு உட்பட்ட நாய்களுக்கு இந்த அறுவை நன்றாகக் கைகொடுக்கும். கனத்த நாய்களுக்குப் பாடு அதிகம். கத்தியின் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சம் நான்கு மாதமோ ஆறு மாதமோ யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

திண்ணையில் நடப்பதை முழுக்கப் பார்த்தேன். அக்கா கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தன் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு தொடை மேல் ஒத்தடம். வீக்கம் இருக்கும் முதல் நாட்களில் சூடு கூடாது, ஐஸ்தான். சதை இறுகிய பிறகுதான் சூடு. செவலையை இடப்பக்கமாகப் போர்வையில் படுக்கவைத்தார். ஒரு கை இடுப்பெலும்பின் மேல், மறு கை முட்டிக்குச் சற்று மேலே. காலை மெதுவாகப் பின்னுக்கு நீட்டினார். அவர் கண் காலில் இல்லை, நாயின் காதில் இருந்தது. காது பின்னால் மடிந்து, நாக்கு ஒருமுறை உதட்டை நக்கியது. அங்கேயே நிறுத்தினார். பத்து எண்ணும்வரை பிடித்துக்கொண்டிருந்து, அதே மெதுவில் திரும்பக் கொண்டுவந்தார். "கத்தற வரைக்கும் போகக் கூடாதுங்க. கத்திடுச்சுன்னா அடுத்த நாளு என்னப் பாத்தாலே காலை ஒளிச்சு வச்சுக்கும்."

அதற்குப் பின் முட்டி, கணுக்கால், விரல் மூட்டுகள். பிறகு எழுப்பி நிறுத்தி, நல்ல பின்னங்காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். வேறு வழியில்லாமல் எடை கெட்ட காலில் இறங்கியது. தொடை நடுங்கியது, பாதம் விரிந்தது. சில நொடிதான். விட்டுவிட்டு ஒரு துண்டு அவித்த முட்டை கொடுத்தார்.

வாசலில் சவுக்குக் கழிகளைச் செங்கல் துண்டுகளின் மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். நாய் அதைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா அவ்வளவு மெதுவாக நடந்தார். காரணம் இருக்கிறது. நாய் ஓடும்போது ஒரு காலை விட்டுவிட்டு ஓடிவிட முடியும். மெல்ல நடக்கையில் நான்கையும் வைத்தாக வேண்டும். நன்றாக ஓடுகிறதே என்று மகிழ்ந்துபோய் அவிழ்த்துவிடுகிறவர்கள், மூன்று காலில் ஓடும் பழக்கத்தைத்தான் வளர்க்கிறார்கள்.

தையல் மெஷின் டிராயரில் ஒரு நோட்டு. தேதி, எடை, வலது தொடை, இடது தொடை. ரவிக்கைக்கு அளவெடுக்கும் அதே டேப்பால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் ஒரே இடத்தில் வைத்து அளக்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தால் நாய் அந்தக் காலை நம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே டேப்புக்குத் தெரிந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாத ஊரில் இவ்வளவு திருத்தமான வைத்தியக் குறிப்பைப் பார்த்தபோது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

வீட்டின் சிவப்பு சிமென்ட் தரை வழவழப்பானது. அதன் மேல் சணல் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, ஓரங்களில் ஆணி அடித்து விரித்திருந்தார். வழுக்கும் தரையில் பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகினால், ஒரு மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். நகத்தை வெட்டுவதும் இதற்காகத்தான். நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று ஐயா முதலில் பார்ப்பாராம். தேய்ந்திருந்தால் பாதம் மடங்கி இழுபடுகிறது, நரம்பிலும் கோளாறு இருக்கலாம்.

சாயங்காலம் மல்லாட்டைக் கொல்லைக்குப் போனோம். அங்கே பம்புசெட் தொட்டி. மருந்தடிக்காத நாட்களில் கொல்லைக்காரர் விடுகிறார். பழைய ஜீன்ஸ் துணியில் அக்கா தைத்த வயிற்றுப்பட்டையைச் செவலைக்குப் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார். தொட்டிக்குள் மணல் மூட்டைகளைப் படியாக அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் நாயின் கணுக்கால் வரை நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் 91 சதவீதம். முட்டி வரை என்றால் 85. இடுப்பு வரை என்றால் 38 சதவீதம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். பெரிய நகரங்களில் இதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும் பட்டை வைத்த இயந்திரம் உண்டு. இங்கே தெளிந்த கிணற்றுத் தண்ணீர். குனிந்து பார்த்தேன். தரையில் நுனி விரலால் மட்டும் தொட்ட அந்தப் பாதம், தண்ணீருக்கடியில் முழுசாகப் பதிந்து, விரல்கள் விரிந்து, பின்னுக்கு உந்தியது. கரையில் நின்ற ஐயா சத்தமாகவே "ஆங், அதான், அதான்!" என்றார்.

கோயிலின் வடபுறச் சிற்றறைச் சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமையை மறுநாள் காலை பார்த்தேன். எடை ஒரு காலுக்கு மாறும்போது இடுப்பு எந்தப் பக்கம் ஏறும், தோள் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை அந்தப் பல்லவ ஓவியன் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறான்! கீழே ஊருக்குள் அதே கண்ணோடுதான் ஐயா நாயை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்க்கிறார்.

ஐயா பேசத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நாட்டு நாய்களுக்குப் பிறவியில் இடுப்பு மூட்டு கெடுவது குறைவு, பெரும்பாலும் வண்டிதான் காரணம் என்றார். வெறும் சோறும் பாலுமாக வளர்ந்து கால் வளைந்த குட்டிகள் தனி. இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டினால் மூட்டைத் தேடாதே, உண்ணியைத் தேடு. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும், ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும். அவர் குரல் உயர்ந்தது ஒரே இடத்தில்: நமக்கு வாங்கிய வலி மாத்திரையை உடைத்து நாய்க்குக் கொடுப்பது. இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் பிணம் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று, 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த மெலோக்சிகாம்தான் நாய்களின் மூட்டு வலிக்கும் டாக்டர்கள் எழுதுவது. அதுவும் அளவு பார்த்து, வயிற்றில் சோறு இருக்கும்போது.

எடை விஷயத்தில் அக்கா கறார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002இல் ஒரு ஆய்வு வெளியானது. கால்பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அக்காவுக்கு அந்த ஆய்வு தெரியாது. ஆனால் அவர் வாசலுக்கு வரும் பிஸ்கெட் பொட்டலங்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகின்றன. "பாவம்னு போடுறாங்க. அந்தப் பாவத்தை அது காலுல்ல சுமக்குது?"

சக்கர வண்டி பற்றியும் கேட்டேன். ஊர் பிளம்பர் தம்பி முக்கால் அங்குல பிவிசி பைப்பில் அருமையாகச் செய்கிறார். முதுகு உயரம், இடுப்பு அகலம், முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை நீளம் எல்லாம் அளந்து, எடை சக்கரத்தின் மேலேயே விழும்படி வைக்கிறார். இல்லாவிட்டால் தோள்பட்டை நொந்துவிடும். ஆனால் முதுகெலும்பு போன நாய்க்கு மட்டும்தான் செய்து தருவார். ஊன்றக்கூடிய கால் உள்ள நாயை வண்டியில் ஏற்றினால் மிச்சமிருக்கும் சதையும் போய்விடும் என்று பணம் கொடுத்தாலும் மறுத்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் நாய்களுக்கான அக்கறை புதிதல்ல. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. சென்னை புளூ கிராஸ் 1959இல் பிறந்து, 1964இலேயே கருத்தடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலையில் அருணாச்சலா விலங்குகள் சரணாலயம் இருக்கிறது. தெருநாய்களைப் பற்றிய மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள் கருத்தடை, தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே விடுதல் என்கின்றன; 2025இல் உச்ச நீதிமன்றம் தானாகவே கையில் எடுத்த வழக்கு தெருவா காப்பகமா என்று நாட்டையே இரண்டாக்கியது. செவலை போன்றவளுக்கு இரண்டுமே பொருந்தாது. பேருந்து நிலையத்தில் விட்டால் அடுத்த வண்டிக்கு அவளால் துள்ளி விலக முடியாது. கூட்டம் நிறைந்த காப்பகத்தின் ஈரத் தரையில் மூட்டு தேறாது. இடையில் ஒரு வீடு வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும். ஒன்றியத்துக்கு நான்கு பேருக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து, தீவனச் செலவையும் மருந்துச் செலவையும் ஏற்றுக்கொண்டால் போதும். அக்கா இத்தனை காலம் தையல் கூலியில் செய்ததை ஊராட்சியால் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

நான் கிளம்பும் நாளில் கொல்லைக்காரர் வந்து செவலையைக் கேட்டார். காவலுக்குத் தோதாக இருக்குமாம்.

"காவலுக்குன்னா தர மாட்டேண்ணே. கூட வச்சுக்கறதுக்குன்னா தரேன். சங்கிலி போடக் கூடாது. மழை நாளுல சாக்கு மேலதான் படுக்கணும். பதினாறு கிலோவ தாண்டக் கூடாது. தொட்டிக்கு வாரம் ரெண்டு நாளு எறக்கணும். ஞாயித்துக்கெழமை தொடை அளவு போன்ல சொல்லணும்."

"அளவெல்லாம் எனக்கு எங்கம்மா எடுக்கத் தெரியும்?"

அக்கா டேப்பை எடுத்துவந்து, முட்டிச் சில்லுக்கும் இடுப்புக்கும் நடுவே சுற்றி, இறுக்காமல் தளர்த்தாமல் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். கொல்லைக்காரர் எடுத்த முதல் அளவு தப்பாக வந்தது. அக்கா மறுபடி எடுக்கச் சொன்னார். ஐயா அதற்குள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அடுத்த வாரம் வரவிருக்கும் நாயின் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தார்: ஆண், முட்டியில் தசைநார் அறுந்தது, இடது கால், எடை பார்க்க வேண்டும்.