தாய்வழியையும் எழுதி வைப்போம்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்குப் போகும் வீதியில், களனி கங்கையை ஒட்டி இருக்கிறது யட்டியாந்தோட்டை. சுற்றிவர றப்பரும் தேயிலையும். 1977 வன்செயலில் என் அம்மா இங்கிருந்துதான் கிளிநொச்சிக்கு வந்தார். 2009இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடி, தோட்டத்தில் இருக்கும் சின்னம்மாவிடம் போனேன்.

அவிசாவளையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் சிதைவுகள் இன்றும் உள்ளன. 1796இல் அவர்களுடைய ஆட்சி முடிந்தாலும் பல குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. அவர்கள் எதையும் எழுதி வைத்தவர்கள். நமக்குப் பழக்கமான ‘தோம்பு’ போர்த்துக்கேயர் தொடங்கியது. அதை விரிவாக்கியவர்கள் ஒல்லாந்தர். ஞானஸ்நானமும் திருமணமும் ஆலயங்களில் பதியப்பட்டன. 1908இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் உருவானது. கப்பலில் வந்த முதல் மனிதரிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை, குடும்பம் குடும்பமாக வமிசாவளிகளை அதன் சஞ்சிகை அச்சிட்டது.

ஆனால் அச்சங்கத்தில் சேரத் தகப்பன் வழிதான் கணக்கு. வந்த ஆண்கள் பலர் இந்நாட்டில் பிறந்த பெண்களையே மணந்தார்கள். அந்தத் தாய்மாரின் வழி கணக்கில் வரவில்லை.

தோட்டத்து மக்களுக்கோ செக்றோலில் ஒரு பெயர், தகர வில்லையில் ஓர் இலக்கம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தவர், அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. அங்கேயும் தாயைக் கேட்கவில்லை. கடதாசி இல்லாத லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எங்கள் பெரியம்மா இந்தியா போனது அப்படித்தான்.

2003இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்க ஒரு சட்டம் வந்தது. தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்றும் சட்டம் திருத்தப்பட்டது.

சின்னம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்த லயத்தில் பிள்ளை பிறந்தது என்று எல்லாம் தெரியும். “ஒங்கம்மா பொறந்தது றப்பர் எலை கொட்டுற காலம் புள்ள. மூத்த மாமாவுக்கு அடுத்த வருசம்” என்றார். மாமாவின் பத்திரத்தில் 1953 என்று இருந்தது. அப்படியானால் அம்மா பிறந்தது 1954 தொடக்கம். பிரதேச செயலகத்தில் அந்த மாதங்களைத் தேடச் சொன்னோம். பதிவு இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டேன்.

சகோதரிகளே, ஒரு அப்பியாசக் கொப்பியை எடுங்கள். அம்மா, அம்மம்மா, அவருடைய தாய் என்று பெயர்களை எழுதுங்கள். பிறந்த தோட்டம் அல்லது ஊர், வருடம், உடன்பிறந்தவர்கள், திருமணம், இடம்பெயர்ந்த இடங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளை வேறு ஒரு வீட்டிலும் வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை ஓர் அலுவலகத்தில் போய் நிற்கும்போது, அந்தக் கொப்பி அதற்குத் துணை நிற்கும்.