ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

மாங்கன்று நட்டு ஓராண்டு கழித்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "சார், செடி பிடிச்சிடுச்சு. இனி என்ன உரம் வைக்கலாம்?" உரத்தைப் பிறகு பேசுவோம், பிடித்தது எது என்று முதலில் பார்த்தீர்களா என்பேன். மேலே ஒட்டுக் கட்டிய பெங்களூராவா, அடியில் இருந்த நாட்டு மாங்கொட்டையா? விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று சிலர் நினைப்பதுண்டு. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஏக்கர் தோப்பில் நான் செய்த பிழைக்குப் பிறகுதான் இப்படிக் கேட்கப் பழகினேன்.

பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. மேட்டு நிலங்களில் பழமரம் வைக்கக் கன்று கொடுக்கும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. மழை பெய்தால் நிலக்கடலை, தவறினால் கொள்ளு, அதுவும் தவறினால் தரிசு என்று கிடந்த ஒரு செம்மண் காட்டுக்காரரிடம் போய் மாமரம் வைக்கச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பையன் அஞ்சாவது படிக்கிறான். அவன் காலேஜ் போறப்ப காய் வருமா சார்?" என்றார். "நாலாம் வருஷமே காய் பாக்கலாம்ணா. அவன் காலேஜ் போறதுக்குள்ள தோப்பு நல்லா காய்ச்சிடும்" என்றேன்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று. குழி எடுத்தது எல்லாம் அவரும் அவர் மனைவியும்தான். கன்று ஏற்றிய லாரி தாமதமாக வந்தது. வானமும் இருட்டிக்கொண்டு நின்றது. அவசர அவசரமாகக் குழியை நிரப்பி, அன்றைக்கே நட்டு முடித்தோம். நானும் கூட நின்று நட்டேன்.

அந்த அவசரத்தை நான் அனுமதித்திருக்கக் கூடாது. புதிதாக நிரப்பிய மண் மழை பெய்ததும் அமுங்கும். மூன்றடி ஆழக் குழி என்றால் நாலு விரற்கடைக்கு மேலேயே இறங்கிவிடும். மண்ணோடு கன்றும் இறங்கும். சுற்றி இருக்கிற மண் சரிந்து வந்து ஒட்டை மூடிவிடும். ஒட்டு மண்ணுக்குள் போனால் ஈரம் நின்று அழுகும், கரையானும் ஏறும். குழியைக் கோடையிலேயே எடுத்து இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிட வேண்டும். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தரைக்கு மேலே சற்று மேடாகவே நிரப்பி, ஒரு நல்ல மழைக்கு அமுங்கவிட்ட பிறகு நட வேண்டும். மழை இல்லையென்றால் தண்ணீர் விட்டாவது அமுக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, நிலத்திலும் அதே மட்டம். ஒட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தெரிய வேண்டும்.

பையைப் பிளேடால் கீறி முழுதாக எடுங்கள். அடியை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே புதைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கன்றைத் தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் மண்கட்டியைப் பிடித்துத் தூக்குங்கள்.

கதைக்கு வருகிறேன். முதல் கோடை கடுமையாக இருந்தது. பக்கத்துக் காட்டு போரிலிருந்து தண்ணீர் பிடித்து, அவர் மனைவி குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். மறு ஆண்டு மழைக்குப் பிறகு நான் கணக்கெடுக்கப் போனேன். பதிவேட்டில் "உயிருடன் உள்ளவை" என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்று கன்று போயிருந்தது. 37 என்று எழுதினேன். "சார், இந்த வரிசையைப் பாருங்க, மத்ததைவிட ஜோரா வந்திருக்கு" என்று அவர் காட்டினார். உண்மைதான், அவை மற்றவற்றைவிட ஒரு முழம் அதிகம் வளர்ந்து, இலை தளதளவென்று நின்றன. நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்தேன். எந்தக் கன்றின் அடியிலும் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். வெயிலிலும் கரையானிலும் 14 கன்றுகளில் ஒட்டின் மேல்பகுதி காய்ந்துபோயிருந்தது. அடியில் இருந்த வேர்ச்செடிக்கு உயிர் இருந்ததால், ஒட்டுக்குக் கீழிருந்து அது துளிர்த்துக்கொண்டது. காய்ந்த குச்சி ஒடிந்து விழுந்த பிறகு பார்க்கிறவர்களுக்கு ஒரே செடி, ஒரே பச்சை. பாரத்தைப் பங்கு போட ஆள் இல்லாததால் அது வேகமாகவும் வளரும்.

நாலாம் ஆண்டு மற்ற மரங்கள் பூத்தன. இந்த 14 பூக்கவில்லை. கொட்டையிலிருந்து வந்த மரம் காய்க்க அதிக நாள் எடுக்கும். அதற்குள் எனக்கு வேறு வட்டாரத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. ஏழாம் ஆண்டுதான் அவையும் காய்த்தன. கைக்குள் அடங்குகிற காய், ஒரே நார், பல் கூசும் புளிப்பு. குத்தகை பேச வந்தவர் தோப்பைச் சுற்றிவிட்டு, "பாதி மரம் காட்டு மாங்காய்ண்ணா" என்று விலையை இறக்கிவிட்டார். பையன் கல்லூரியில் சேரும் ஆண்டு அது. அவர் என்னைத் தேடி நான் இருந்த அலுவலகத்துக்கே பஸ் ஏறி வந்தார். மஞ்சள் பையில் இரண்டு காய்கள். "தப்பான கன்று கொடுத்துட்டாங்களா சார்?" என்றுதான் கேட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் போய் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். நாங்கள் அன்று நட்டதில் பல கன்றுகளின் ஒட்டு மண்ணுக்குள் இருந்தது. தோண்டித்தான் தழும்பைக் காட்டினேன். நான் பார்க்கத் தவறியதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மனைவிதான், "அதையெல்லாம் அப்பவே கிள்ளிப் போட்டிருக்கலாமா?" என்று கேட்டார். ஒட்டு உயிரோடு இருந்த கன்றில் கிள்ளியிருக்கலாம். ஒட்டுப் பட்டுப்போனதில் ஒரு துளிரை மட்டும் விட்டு, அது பென்சில் பருமன் ஆனதும் மழைக்காலத்தில் மறுபடி ஒட்டுக் கட்டியிருக்கலாம். ஒரு கன்றுக்கு அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை விட்டதால் ஆறு வருஷம் போனது.

கீழ்த்துளிரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு தடிப்போ சாய்வான தழும்போ இருக்கும். அதற்குக் கீழே எது முளைத்தாலும் அது உங்கள் மரம் இல்லை. கொழுந்தின் நிறமும் பெரும்பாலும் மேலே இருப்பதோடு ஒத்துப்போகாது. இளசாக இருக்கும்போது விரலாலேயே அடியோடு உரித்துவிடலாம். முற்றிவிட்டால் கத்தியால் தண்டை ஒட்டி வெட்டுங்கள், கட்டை நிற்கக் கூடாது. இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் கன்றுகளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 15 நாளுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும்.

அப்படிச் சுற்றும்போது ஒட்டில் சுற்றியிருக்கும் பாலித்தீன் நாடாவையும் பாருங்கள். நன்றாகப் பிடித்த பிறகும் அதை அவிழ்க்காமல் விட்டால் தண்டை இறுக்கும். மேலே பருத்து, நடுவில் இடுப்புபோல ஒடுங்கி, ஆடிக் காற்றில் அந்த இடத்திலேயே ஒடியும். நடும்போதே மேற்குப் பக்கம் ஒரு குச்சி ஊன்றி, பழைய துணியாலோ சணலாலோ தளர்வாகக் கட்டுங்கள். முதல் மூன்று ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிடுங்கள், மனசு வராதுதான்.

தண்ணீரைத் தண்டில் ஊற்றாதீர்கள். ஒரு முழம் தள்ளி வட்டமாகப் பாத்தி பிடித்து அதில் விடுங்கள், ஆண்டுக்கு ஆண்டு வட்டத்தை அகலப்படுத்துங்கள். கடலைத் தொலியோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போட்டால் குடம் சுமக்கும் வேலை குறையும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, கரையானுக்குப் படி வைத்தது போலாகும். ஊடுபயிராகக் கடலை, உளுந்து போடலாம், கன்றைச் சுற்றி மூன்றடி விட்டுவிட்டு. உரம் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நட்ட குழியில் யூரியா வேண்டாம். முதல் ஆண்டு வேர் ஊன்றட்டும், தொழுவுரமே தாங்கும்.

அந்த 14 மரங்களுக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அறுவடை முடிந்ததும் இடுப்பு உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினோம். வந்த துளிர்களில் நாலைந்தை மட்டும் விட்டு, அவற்றில் பெங்களூரா ஒட்டுக் கட்டினோம். ஒட்டுக் கட்டும் கூலியை நான் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 13 மரம் வெட்டியதில் 10 பிடித்தது. பையன் கல்லூரிக்குக் கடன் வாங்கித்தான் போனான். அந்தக் கடனைத் தோப்பு அடைத்தது, ஆனால் நான் சொன்ன கணக்கில் இல்லை.

மீதி ஒரு மரத்தை அவர் மனைவி வெட்டவிடவில்லை. "ஊறுகாய்க்கு இது மாதிரி புளிப்பு எங்க கிடைக்கும்?" என்றார். போன பங்குனியில் போனபோதும் ஒரு பை நிறைய மாவடு கொடுத்தனுப்பினார்கள். பையன் இப்போது பக்கத்துக் காட்டில் புதிதாக 40 கன்று வைத்திருக்கிறான். வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஆறு கன்றில் கீழ்த்துளிர் இருந்தது.