வடலூர்: சுரங்கம் ஒதுக்கிய வெண்களிமண்

சென்னை–கும்பகோணம் சாலையும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் சந்திக்கும் ஊர் வடலூர். வெளியூரார்க்கு இது வள்ளலாரின் ஊர். வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞானசபையில் தைப்பூசத்தன்று சோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் சேர்கிறது. இந்தப் புகழில் ஊரின் மண்ணைப் பற்றிய பேச்சு அடிபடுவதே இல்லை.

அடுத்துள்ள நெய்வேலியில் 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961இல்தான். அதுவரை நடந்தது மண்ணை அள்ளும் வேலை. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டும். சுரங்கத்தார் அதை மேல்மண் என்கிறார்கள். நிலத்தைக் கொடுத்த குடியானவருக்கோ அது வயலாக இருந்தது.

மேல்மண்ணில் மணற்பாறையோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது. மணலும் சரளையும் போகக் கழுவினால் அது பீங்கானுக்கு ஏற்ற மண். இந்த மண்ணை நம்பித்தான் வடலூரில் நெய்வேலி செராமிக்ஸ் ஆலை எழுந்தது. ‘நெய்சர்’ என்ற பெயரில் கழிப்பறைக் கோப்பைகளும் கைகழுவும் தொட்டிகளும் இங்கிருந்து ஊர் ஊராகப் போயின. இவ்வகைப் பொருள்கள் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடப்படுபவை. சூளையில் கீறல் விட்டதும் கோணியதும் உடைசலாகிவிடும்.

உடைசலுக்கும் மதிப்புண்டு என்று காட்டியவர் சண்டிகரின் நேக் சந்த். சாலை ஆய்வாளரான அவர் உடைந்த பீங்கான் தொட்டி, ஓடு, வளையல் துண்டுகளைப் பொறுக்கி, அரசுக்குத் தெரியாமல் உருவங்கள் சமைத்தார். அவை நிற்கும் பாறைத் தோட்டம் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வடலூர் வட்டாரத்தில் கலை உடைசலிலிருந்து வரவில்லை, களிமண்ணிலிருந்தே வந்தது. அதன் இருப்பிடம் மேற்கே உள்ள விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உள்ளன. களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோலாகப் படியும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை நிற்கும். பிறகு உலர்த்தல், பிசிறு நீக்கல், சூளை, வண்ணம். ஒரே அச்சில் வந்த பிள்ளையார்களுக்குள் முகபாவம் வேறுபடுவது வண்ணம் தீட்டும் கையால்தான்.

நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மைகளும் கார்த்திகைக்கு அகல்விளக்குகளும் விருத்தாசலத்திலிருந்து பல ஊர்க் கடைகளுக்குச் செல்கின்றன.